மாலை ஆறு மணிக்குப் போக ஓர் இடம்

குடிநோய் மையத்தில் மூன்று நான்கு வாரம் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு முதல் சில நாட்கள் நல்லபடியாகவே போகும். கை நடுக்கம் நின்றிருக்கும். நேரத்துக்குச் சாப்பிட்டதில் ஒட்டிய கன்னம் கொஞ்சம் தேறியிருக்கும். வீட்டில் எல்லோரும் பாதி பயத்தோடும் பாதி சந்தோஷத்தோடும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் வேலைக்குப் போவார். மாலை ஆறு மணிக்கு வேலை முடியும். பல வருஷமாக அந்த நேரத்தில் அவர் கால் ஒரே பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கூட வந்தவர்களும் அதே நாலைந்து பேர்தான். இனி கடையும் வேண்டாம், அவர்களும் வேண்டாம் என்றால், இரவு பத்து மணிவரை அவர் எங்கே இருப்பது, யாரோடு பேசுவது?

மதுவைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் வாதம் அனேகமாகக் கடையைப் பற்றியதாகவே இருக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் கருணாநிதி ஆட்சியில் விலகியது, 1974-ல் திரும்பி வந்தது, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி விலகியது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கடையைத் திறப்பதா மூடுவதா என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். ஏற்கெனவே நோயாளியாகிவிட்டவர், கடை திறந்திருக்கும்போதே குடிக்காமல் இருக்க என்ன வழி என்ற கேள்வி மேடை ஏறுவதில்லை.

அந்தக் கேள்விக்குரியவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 14.6 சதவீதம் பேர், ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் உதவி தேவை. அதிலும் சுமார் 2.9 கோடிப் பேர் மதுவுக்கு முற்றாக அடிமைப்பட்டவர்கள். இந்தக் கடைசி வகையினரில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். படுக்கைகளை இரண்டு மடங்காக்கினாலும் இந்த இடைவெளி பெரிதாகக் குறையாது. பணம் கேட்காத, டாக்டர் தேவைப்படாத, வாரா வாரம் நடக்கிற ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அப்படி உலகெங்கும் தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துவருவது குடியை நிறுத்தியவர்களின் கூட்டங்கள். அவற்றில் மிகப் பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பேச்சுவழக்கில் ஏ.ஏ.

அதற்கு முன் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கும் வழியைப் பார்த்துவிட வேண்டும். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிப்பதில்லை. தினம் குவார்ட்டர் இல்லாமல் தூங்காதவர்கூட அந்த நாட்களில் தொடமாட்டார். இதை மன உறுதி என்றோ சாமி பயம் என்றோ சொல்லிவிடுகிறோம். அந்த நாட்களில் அவருடைய மாலைப் பொழுது எப்படிப் போகிறது என்று கவனித்தால் வேறொன்றும் தெரியும். உடுப்பு மாறியிருக்கிறது, தெருவே அவரைச் சாமி என்று கூப்பிடுகிறது, இரவானால் யார் வீட்டிலாவது பஜனை, தடுமாறினால் கேட்பதற்குக் குருசாமி இருக்கிறார், அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய கூட்டாளிகளே 'சாமி, நீங்க போங்க' என்று விலகிக்கொள்கிறார்கள். விரதம் நிற்பதற்குத் தேவையானதெல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் அவ்வளவும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. அன்று இரவே குடிக்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களைச் சுற்றியிருந்த ஆட்கள் கலைந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வதும் இதே வகைதான், ஆனால் அங்கே சத்தியம் மட்டும் இருக்கிறது, பஜனைக் கூட்டம் இல்லை. அதனால் மாலையைவிடச் சீக்கிரம் அறுகிறது. இன்னொரு வழி பற்றி எச்சரிக்காமல் தாண்டக் கூடாது. 'குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று சுவரொட்டியிலும் செல்போனிலும் விற்கிற பொடிகளில் சிலவற்றில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருக்கக்கூடும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளியின் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. ரசத்தில் கலக்கிற மனைவிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு வேறு கதவு காட்டப்படவில்லை.

ஏ.ஏ. பிறந்த கதையிலும் ஒரு மாலைப் பொழுதுதான் முக்கியம். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு தொழில் விவகாரத்தில் தோற்று, ஹோட்டல் முகப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். மறு பக்கம் டெலிபோனும், உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலும். நியூயார்க்கில் அந்த ஐந்து மாதமும் அவர் பல குடிகாரர்களைத் திருத்த முயன்றிருந்தார்; ஒருவரும் திருந்தவில்லை, ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார். தனக்கு இப்போது தேவை இன்னொரு குடிகாரர் என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்தது. பாதிரியார் ஒருவரைப் பிடித்து, அவர் வழியாக ஹென்ரியெட்டா ஸைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்து, மறுநாள் அவர் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அறுவைச் சிகிச்சை நிபுணரான ஸ்மித் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். பேச்சு ஐந்தாறு மணி நேரம் நீண்டது. வந்தவர் புத்தி சொல்லாமல் தன் கதையைச் சொன்னதுதான் காரணம் என்று பிற்பாடு இருவருமே கருதினார்கள். நடுவில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன ஸ்மித் மறுபடி குடித்துவிட்டு வந்தார். 1935 ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள், அதையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

இதற்கு 95 ஆண்டுகள் முன்பே, 1840-ல், பால்டிமோர் மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் லட்சக்கணக்கானவர்களை இழுத்தது. மதுவிலக்கு அரசியல், மேடைச் சண்டை, பேச்சாளர் மோகம் என்று சிதறிச் சில ஆண்டுகளில் காணாமலும் போனது. ஏ.ஏ. 1950-ல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளைப் படித்தால் அந்தச் சரிவுக்குப் பதில் சொல்வது போலவே இருக்கும்: வெளியார் நன்கொடை வாங்குவதில்லை, எந்த அரசியல் கருத்தும் சொல்வதில்லை, மதுவிலக்கு பற்றியும்தான், பத்திரிகையில் பெயரோ படமோ போட்டுக்கொள்வதில்லை, தலைவர் என்று ஆள்கிறவர் கிடையாது. கட்சி, சங்கம், ரசிகர் மன்றம் என்று எதைத் தொடங்கினாலும் முதலில் பேனர் அடிக்கிற நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இவ்வளவு நாள் உடையாமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-ல் தொடங்கியது, நாடு முழுவதுக்குமான அலுவலகம் இன்றும் மும்பையில்தான். தமிழ்நாட்டில் குடி ஒரு நோய் என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்ததில் சாந்தி ரங்கநாதனுக்குப் பெரிய பங்கு உண்டு. டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின், அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள ஹேஸல்டன் மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அதுதான் அடையாறு டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சிகிச்சை, வெளியே போன பின் தொடர்ந்து கூட்டங்கள் என்ற பழக்கம் இங்கே பரவியதில் அந்த மையத்துக்கு முக்கிய இடம் உண்டு.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மாநகரமாக இருந்தால் கஷ்டமில்லை. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் நகரவாரியாகத் தொலைபேசி எண்கள் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, போதை மீட்பு மையத்து ஆலோசகரிடமோ கேட்டால் பக்கத்தில் எது, என்றைக்கு என்று சொல்வார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. கேட்க வேண்டியவை சிலதான்: எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழா ஆங்கிலமா, ஓபனா க்ளோஸ்டா. ஓபன் மீட்டிங்கிற்கு யாரும் வரலாம், மனைவியும் மாணவரும் டாக்டரும் உட்காரலாம். க்ளோஸ்ட் மீட்டிங் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஏ.ஏ. எண்ணில் போனை எடுப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியராக இருக்கமாட்டார். அவரும் குடித்தவராகவே இருப்பார். முதலில் கூப்பிடுவது அனேகமாக மனைவி அல்லது அக்கா. 'அவரையே பேசச் சொல்லுங்கம்மா, ரெண்டு நிமிஷம் போதும்' என்பார்கள். கையைப் பிடித்து இழுத்து வருவது அவர்கள் வழக்கமில்லை.

இடம் பெரும்பாலும் தேவாலய வளாகத்துக் கூடமாகவோ பள்ளி வகுப்பறையாகவோ இருக்கும். இதைப் பார்த்துவிட்டு 'மதம் மாற்றிவிடுவார்களோ' என்று வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு. கூட்டத்தைத் தேவாலயம் நடத்துவதில்லை. குழு வாடகை கொடுத்து இடம் வாங்கிக்கொள்கிறது. உள்ளே போனால் நெற்றியில் விபூதி, தலையில் தொப்பி, கழுத்தில் சிலுவை எல்லாமே இருக்கும்.

உள்ளே நடப்பது மிக எளிமையானது. ஒரு நிமிஷ மௌனம், ஒரு சிறு பிரார்த்தனை, ஏ.ஏ. என்றால் என்ன என்ற வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராக ஷேரிங். பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குவார்கள். பேசுகிறவரை யாரும் இடைமறிப்பதில்லை, பேசி முடித்தபின் அறிவுரையும் இல்லை. இன்று எனக்குப் பேச வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். பதிவேடு கிடையாது, சந்தா கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். முடிந்ததைப் போடலாம், புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்றே சொல்வார்கள். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு வாசலில் டீ குடித்தபடி நின்று பேசுவது நிகழ்ச்சிநிரலில் இல்லாத பகுதி. பலருக்கு அதுதான் பிரதானம் என்பது என் எண்ணம். போன் நம்பர்கள் கைமாறுவது அங்கேதான்.

இன்னொன்று நமக்கே உரியது. புதியவரைப் பார்த்ததும் எந்த ஊரு, என்ன வேலை, அப்பா பேர் என்ன என்று கேட்டு, மூன்றாவது கேள்வியில் ஜாதியைத் தொட்டுவிடுவது நம் வழக்கம். அந்த அறையில் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. பேங்க் அதிகாரியும் பெயின்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மாதிரி அசிங்கப்பட்ட கதையைச் சொல்கிறார்கள். சமத்துவம் பற்றி யாரும் பிரசங்கம் செய்யாமலே அது நடந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் அப்படியே என்று சத்தியம் செய்யமாட்டேன். இங்கிலீஷ் மீட்டிங், தமிழ் மீட்டிங் என்று பிரிகிற இடத்திலேயே வர்க்கம் எட்டிப் பார்க்கிறது.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வே பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். குழுவுக்குக் குழு சுபாவம் வேறு. ஒன்றில் கிழவர்கள் பழங்கதை பேசுவார்கள், இன்னொன்றில் இளவட்டங்கள், வேறொன்றில் பக்தி தூக்கலாக இருக்கும். பல இடம் போய்ப் பார்த்து, தன்னைப் போன்ற ஒருவரின் கதை எங்கே காதில் விழுகிறதோ அங்கே உட்கார்வது நல்லது. பிறகு ஸ்பான்சர். குடிக்காமல் சில ஆண்டுகள் கடந்த, தன் பாலினத்தைச் சேர்ந்த ஒருவரை, எந்த நேரமும் கூப்பிடலாம் என்ற உரிமையோடு ஏற்றுக்கொள்வது. குருசாமியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூரம் என்பதையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அருமையான கூட்டத்தைவிட, வேலையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் சுமாரான கூட்டம் மேல். டாஸ்மாக் மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு பத்துவரை திறந்திருக்கிறது. மாலைக் கூட்டத்தின் முதல் பயன், வேலை முடிந்து கடை மூடும்வரை உள்ள நேரத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதுதான்.

ஆனால் நாளைக்கே கூட்டம், இன்றைக்கே குடியை விட்டுவிடுகிறேன் என்று சிலர் இறங்கக் கூடாது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், பல வருஷமாகத் தினம் அதிக அளவு குடிப்பவர் ஆகியோர் முதலில் போக வேண்டியது மருத்துவமனைக்கு. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள், இல்லாத பூச்சி ஊர்வது போலவும் யாரோ அடிக்க வருவது போலவும் தெரிகிற சித்தக் குழப்பம் வரலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். கவனிக்காவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். அதேபோல், கூட்டத்தில் யாராவது 'மாத்திரையெல்லாம் நிறுத்து, அதுவும் போதைதான்' என்று சொன்னால் கேட்க வேண்டாம். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ. தன் வெளியீடுகளிலேயே சொல்லியிருப்பது.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? நீண்ட காலம் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சிக்கல் எங்கே என்றால், கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நிறுத்தும் முனைப்பு உள்ளவர்கள். அவர்கள் தேறினால் அது கூட்டத்தாலா முனைப்பாலா? பெயரே கேட்காத அமைப்பில் யாரை எண்ணுவது? 1990களில் அமெரிக்காவில் 1,726 நோயாளிகளை வைத்து நடந்த பிராஜெக்ட் மேட்ச் ஆய்வு, ஏ.ஏ. பக்கம் ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் மற்ற இரண்டு உளவியல் சிகிச்சைகளும் ஏறத்தாழ சமமான பலன் தருவதாகக் கண்டது. 2006-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு தெளிவான ஆதாரம் இல்லை என்றது. 2020-ல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிக்கா ஃபெர்ரி மூவரும் 27 ஆய்வுகள், 10,565 பேர் என்று திரட்டி அதே காக்ரேன் அமைப்புக்காக மறுபடி பார்த்தார்கள். ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். குடிக்கும் அளவைக் குறைப்பது போன்ற மற்ற அளவைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. மருத்துவச் செலவு குறைந்தது.

நூறு பேருக்கு ஏழு பேர் கூடுதல். இதை அற்புதம் என்று கொண்டாடுகிறவர்களும், வெறும் ஏழா என்று உதறுகிறவர்களும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். ஒப்பிடப்பட்டது சும்மா இருப்பவர்களோடு அல்ல, பயிற்சி பெற்ற நிபுணர்கள் கட்டணம் வாங்கித் தரும் சிகிச்சைகளோடு. இலவசமாக நடக்கும் ஒன்றோடு இணைத்துவிடும் சிகிச்சை அவற்றுக்குச் சமமாக நின்றாலே பெரிய செய்தி. மறுபக்கம், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டில் ஒரு முறையாவது குடித்திருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அந்த எண்ணை அப்படியே திண்டுக்கல்லுக்குப் பொருத்த முடியாது.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குக் கெல்லியும் கூட்டாளிகளும் கண்ட விடை. பிராஜெக்ட் மேட்ச் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, பலனில் பெரும்பங்கு வந்தது ஆன்மிக மாற்றத்தால் அல்ல. பழகுகிற ஆட்கள் மாறியதாலும், குடிக்கத் தூண்டும் சந்தர்ப்பத்தைத் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்ததாலும்தான். மிகக் கடுமையாக நோயுற்றவர்களுக்கு ஆன்மிகமும் சேர்ந்து உதவியது. நம் ஊரில் ஆண்கள் குடிப்பது பெரும்பாலும் கூட்டாளிகளோடு. விட்டவருக்கு முதலில் நஷ்டமாவது அந்தச் சிநேகிதம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் அவர் தனி ஆளாகிறார். அந்த இடத்தில் ஆள் நிரப்புவது எதுவோ அதுவே மருந்து. மாலை போட்ட மண்டலத்தில் நடப்பதும் இதுதான். ஏ.ஏ. கூட்டத்தில் அது ஒரு மண்டலத்தோடு கலைவதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் இதுவே போதுமா? போதாது. முதல் தடை கடவுள். ஏ.ஏ. உறுப்பினர்கள் மீள்வதற்குப் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் தனக்கு மேலான சக்தி திரும்பத் திரும்ப வருகிறது. 'அது அவரவர் புரிதல்படி' என்று ஏ.ஏ. சொல்கிறது, பெரியார் வழியில் வளர்ந்த ஒருவருக்கு அந்தச் சமாதானம் போதாமல் இருக்கலாம். தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்கிற முதல் படியே சிலருக்கு ஒவ்வாது. வெளிநாடுகளில் இவர்களுக்காக மாற்றுகள் பிறந்தன. 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளைக் குழுவாகச் செய்கிறது. சாமி பேச்சு இல்லை. அதன் கூட்டங்கள் ஆன்லைனிலும் நடக்கின்றன. ஏற்கெனவே தலைகுனிந்து வாழப் பழக்கப்பட்ட பெண்களிடம் இன்னும் பணிவு கேட்பது தவறு என்று நினைத்த ஜீன் கர்க்பாட்ரிக், 1970களின் நடுவில் பெண்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்.

பெண்கள் விஷயம் இங்கே இன்னும் இறுக்கமானது. அதே 2019 கணக்கெடுப்பில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். சதவீதம் சிறிது, தலைகள் நிறைய. முப்பது ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு இரவு ஏழு மணிக்குத் தனியாகப் போய், நான் குடிநோயாளி என்று சொல்லக்கூடிய பெண் எத்தனை பேர்? ஆண் குடித்தால் பாவம் என்று சொல்ல ஆள் உண்டு. பெண் குடித்தால் நடத்தையில் போய் நிற்கும் பேச்சு. கொரோனா காலத்தில் ஆன்லைனுக்குத் தாவிய கூட்டங்கள் இவர்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டன என்று சொல்லத் தோன்றுகிறது. கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, சமையலறையிலிருந்தே கேட்கலாம்.

இரண்டாவது தடை, பெயர் மறைப்பு. மாநகரத்தில் அது பாதுகாப்பு. ஒரே தேரடி, ஒரே பஸ் ஸ்டாண்டு இருக்கும் ஊரில் யார் எந்த வாசலில் நுழைந்தார் என்பது மறுநாள் டீக்கடையில் தெரிந்துவிடும். அவர் தினம் தள்ளாடி வீடு போனதும் ஊருக்குத் தெரிந்ததுதான்; ஆனாலும் திருந்தப் போவதைத்தான் மறைக்க வேண்டியிருக்கிறது! இங்கே ஜப்பானைப் பார்க்கலாம். ஏ.ஏ.யிலிருந்து ஊக்கம் பெற்று எழுந்து, 1963-ல் தேசிய அளவில் ஒன்றிணைந்த டான்ஷுகாய் குழுக்கள் பெயர் மறைப்பைக் கைவிட்டன. சொந்தப் பெயரோடு, மனைவியோடு வருவார்கள். உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் உண்டு. மனைவியும் எழுந்து தன் பக்கத்துக் கதையைச் சொல்வார். ஸாக்ரப் நகரத்து மனநல மருத்துவர் விளாதிமிர் ஹுடோலின் 1964-ல் தொடங்கிப் பிறகு இத்தாலியில் பரவிய மன்றங்களும் குடும்பங்கள் சேர்ந்து வருகிற அமைப்புதான். நம் பக்கத்திலும் இதற்கு உறவான முயற்சி இருக்கிறது. டி.டி.கே. மையம் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1980களின் இறுதியிலிருந்து முகாம்கள் நடத்தியிருக்கிறது. நோயாளியை ஊரைவிட்டுக் கொண்டுபோகாமல், ஊர் அறிய, குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை. முன்பு முகாமில் தேறியவரே அடுத்த ஆளைக் கூட்டிவருகிறார். கிராமத்துக்கும் சிறு நகரத்துக்கும் ஏ.ஏ.யைவிட இந்த வடிவமே பொருந்தும் என்பது என் கருத்து. மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தால் கணவன் பாதிதான் பேசுவான் என்று மறுப்பவர்களிடமும் நியாயம் உண்டு.

மனைவிக்குத் தனியாக ஓர் இடம் தேவை என்பதைப் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்பே கண்டார். 1951-ல் அல்-அனான் உருவானது. 1957-ல் பிள்ளைகளுக்கான அலட்டீன். பல ஊர்களில் ஏ.ஏ. கூடும் அதே வளாகத்தில், அதே நேரத்தில், பக்கத்து அறையில் அல்-அனான் நடக்கும். கணவரைத் திருத்த என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிற பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் பதில் முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். அவர் குடிப்பதற்கு நீ காரணமில்லை, அதை நிறுத்துவதும் உன் கையில் இல்லை என்பார்கள். அவர் கம்பெனிக்கு நீ போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதை நிறுத்து, கடன்காரனுக்கு உன் தாலிச் சங்கிலியிலிருந்து பதில் சொல்வதை நிறுத்து, அடித்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போ. கணவர் ஒரு நாள்கூட ஏ.ஏ. பக்கம் வராவிட்டாலும் மனைவி அல்-அனானுக்குப் போகலாம். பல வீடுகளில் முதலில் நகர்வது அந்தக் காய்தான்.

ஸ்லிப் ஆனவர்கள் திரும்பி வருவதைப் பற்றி ஒன்று. ஆறு மாதம் குடிக்காமல் இருந்து கேக் வெட்டியவர் ஏழாவது மாதம் குடித்துவிட்டால், குழுவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டே நின்றுவிடுகிறார். நல்ல குழுவை அடையாளம் காண இதைவிடச் சுலபமான சோதனை இல்லை: திரும்பி வந்தவரை எப்படி நடத்துகிறார்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டு 'வாங்க, உட்காருங்க' என்றால் அங்கே இருக்கலாம். நாட்கணக்கை வைத்துப் பெரியவர் சின்னவர் பார்க்கிற இடமாக இருந்தால் வேறு குழு தேடலாம்.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவும் இல்லை. மாநிலத்தில் ஏறக்குறைய 4,800 டாஸ்மாக் கடைகள், ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு கடை வாசலிலும் அந்த ஊரில் எந்தக் கூட்டம், எந்தக் கிழமை, எங்கே என்று ஒரு பலகை வைக்கலாம். பாட்டில் வாங்க நிற்கும் வரிசையில்தான், நாளையிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறவர் நிற்கிறார். ஏ.ஏ. விளம்பரம் தேடுவதில்லை, அரசிடம் பணமும் வாங்காது. இடமும் நேரமும் எழுதி வைப்பதற்கு இரண்டும் தேவையில்லை.

கூட்டமே இல்லாத ஊரில் இருப்பவருக்கு ஏ.ஏ.யின் மூன்றாவது மரபு உதவும். குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினால், குழுவாக வேறு எதனோடும் சார்பில்லாமல் இருந்தால், அதுவே ஏ.ஏ. குழு, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பக்கத்து நகரத்துக் குழுவிலிருந்து ஒருவர் சில வாரம் வந்து நடத்திக்காட்டுவார், தமிழ்ப் புத்தகங்கள் கொடுப்பார். நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம். அரசு மருத்துவமனை ஆலோசகரிடமும், ஊரில் மாத்திரை எழுதும் டாக்டரிடமும், முடிந்தால் காவல் நிலையத்திலும் போன் நம்பரைக் கொடுத்துவைக்க வேண்டும். முதல் சில மாதம் இரண்டு பேரே எதிரெதிரே உட்கார்ந்திருக்க நேரலாம். அப்போதும் வழக்கம்போல் வாசித்து, பேசி, பையில் காசு போட்டு, இடத்துக்கு வாடகையைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் சாவி கிடைக்காது.